‘மயக்கம்’ முதல் ‘ஆஞ்சியோ’ வரை: முதியோர் இதய, இரத்த ஓட்ட நோய்ப் பராமரிப்பில் வழக்குச் சொற்களைப் பொருள்கொள்ளல்

ஆய்வுச் சுருக்கம்

இதயமும் இரத்த ஓட்டமும் பாதிக்கப்பட்ட முதியோரை வீட்டில் பராமரிக்கும் செவிலியருக்கு அளவீடுகளுக்கு முன்பாகக் கிடைப்பவை சொற்களே. அவற்றுள் பல, ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் தருபவை. செவிலியக் கல்வியும் மருத்துவக் குறிப்பேடும் ஆங்கிலத்தில் அமைந்திருப்பதால் முதியவரின் சொல் ஒற்றை ஆங்கிலச் சொல்லாகச் சுருங்குகிறது. அச்சுருக்கத்தில் நோய்க்குறி தவறிப்போகிறது. தாம்பரத்தையும் அதனைச் சூழ்ந்த தென்சென்னைப் புறநகரையும் களமாகக் கொண்டு, அங்கு வழங்கும் சில சொற்களையும், அவற்றைக் கேட்டவுடன் செவிலியர் எழுப்ப வேண்டிய வினாக்களையும் செய்ய வேண்டிய சோதனைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: முதியோர் பராமரிப்பு, செவிலியம், இதயச் செயலிழப்பு, பேச்சு வழக்கு, பலபொருள் ஒருசொல், தாம்பரம்.

முன்னுரை

2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய நகராட்சிகளும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. இரயில்வே, விமானப்படை, அரசு அலுவலகங்கள் ஆகியவற்றிலிருந்து ஓய்வு பெற்றோரும், பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ வாழத் தாம் மட்டும் தங்கிவிட்ட இணையரும் இப்பகுதியில் மிகுதி. 60 வயதைக் கடந்தோர் தமிழக மக்கள்தொகையில் 2021இல் 13.6 விழுக்காடு என்றும், 2031இல் அது 18.2 விழுக்காடாக உயரும் என்றும் நடுவணரசின் மக்கள்தொகைக் கணிப்பு கூறுகிறது.

அதே 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கப்பெற்றது. உயர் இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளை மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டிற்கே கொண்டுவந்து தருகின்றனர். நோய்த்தணிப்புச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீடு தேடி வருகின்றனர். 2024இல் ஐக்கிய நாடுகள் அவையின் தொற்றா நோய்களுக்கான பணிக்குழு இத்திட்டத்திற்கு விருது வழங்கியது. மாத்திரை வாசலுக்கு வந்துவிட்டமை பெரும் முன்னேற்றமே. ஆயினும் அவ்வாசலில் நிகழும் ஐந்து நிமிட உரையாடல் போதிய அளவு ஆராயப்படவில்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. ‘எப்படி இருக்கீங்கம்மா?’ என்ற கேள்விக்கு வரும் விடையைச் சரியாகப் பொருள்கொண்டால் தடுக்கக்கூடிய மருத்துவமனைச் சேர்க்கைகள் பல.

மருத்துவத் தமிழ் என்றவுடன் கலைச்சொல்லாக்கமே நினைவுக்கு வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணம் மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே பயிற்றுவித்து நூல்களையும் ஆக்கிய சாமுவேல் பிஸ்க் கிறீன் தொடங்கி, அம்மரபு வளமானது. அது மருத்துவர் பேசுவதற்கான தமிழ். நோயாளி பேசும் தமிழைக் கேட்டறிவது வேறொரு பணி. அதற்கு அகராதி இன்னும் அமையவில்லை.

மயக்கம்

இலக்கணம் பயின்றோர் மயக்கம் என்னும் சொல்லை மெய்ம்மயக்கம், வேற்றுமை மயக்கம் என்னும் தொடர்களில் ‘கலத்தல்’ என்னும் பொருளில் அறிவர். பேச்சு வழக்கிலும் இச்சொல் பல நிலைகளைக் கலந்தே குறிக்கிறது. ‘மயக்கமா வருது’ என்பதில் தலைசுற்றல். ‘மயக்கம் போட்டு விழுந்துட்டார்’ என்பதில் நினைவிழப்பு. ‘எப்பப் பாரு மயக்கமாவே கிடக்கார்’ என்பதில் அரைத்தூக்கம் அல்லது சோர்வு. அறுவை அரங்கின் மயக்க மருந்து நான்காவது பொருள். ஆங்கிலக் குறிப்பேட்டில் இவை யாவும் பெரும்பாலும் ‘கிட்டினஸ்’ என்ற ஒரே சொல்லாகின்றன.

முதியோர் இதயப் பராமரிப்பில் இம்மூன்றின் காரணங்களும் வெவ்வேறு. வீடு சுழல்வதுபோல் இருந்தால் பெரும்பாலும் உட்செவியின் சிக்கல். எழுந்து நிற்கும்போது ‘கண்ணு இருட்டிக்கிட்டு வருது’ என்றால் மூளைக்குச் செல்லும் இரத்தம் அக்கணத்தில் குறைகிறது என்று பொருள். உட்கார்ந்திருக்கையில் முன்னறிகுறி ஏதுமின்றி நினைவு தப்பியிருந்தால் இதயத் துடிப்பின் ஒழுங்கில் கோளாறு இருக்கலாம். அம்முதியவர் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அரைத்தூக்கம் எனில் சர்க்கரை, உப்புச் சத்து, நோய்த்தொற்று, மருந்தின் மிகை எனப் பலவற்றையும் ஐயுற வேண்டும்.

‘கண் இருட்டுதல்’ என்பது நம் பேச்சு வழக்கு தந்துள்ள மிகத் துல்லியமான நோய்க்குறிச் சொல். ஆகவே ‘மயக்கம்’ என்று கேட்டவுடன், ‘சுத்துதாங்கய்யா, இல்ல கண்ணு இருட்டுதா? படுத்திருக்கும்போதா, எழுந்திருக்கும்போதா?’ என்று பிரித்துக் கேட்பதே முதற்பணி. அடுத்து, முதியவரை ஐந்து நிமிடம் படுக்கவைத்து இரத்த அழுத்தம் அளக்க வேண்டும். எழுந்து நின்ற முதல் நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் மீண்டும் அளக்க வேண்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அது நிலைமாற்றத் தாழ் அழுத்தம். நாடித்துடிப்பை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கினால் ஒழுங்கற்ற துடிப்பு பிடிபடாது. அத்தகைய துடிப்பு பக்கவாதத்திற்கு வழிவகுக்கும் என்பதால் அது தனியே குறிக்கத்தக்கது.

காரணம் பெரும்பாலும் மருந்துப் பெட்டியிலேயே இருக்கும். சிறுநீர் பிரிக்கும் மாத்திரை, நெஞ்சுவலிக்கு நாவின்கீழ் வைக்கும் சார்பிட்ரேட், ஆண்களுக்குப் புரோஸ்டேட் வீக்கத்திற்குத் தரப்படும் மாத்திரை ஆகிய மூன்றும் சேரும்போது அழுத்தம் திடீரென இறங்கும். சித்திரை, வைகாசி வெயிலில் வியர்வையும் சேர்ந்துகொள்ளும். சார்பிட்ரேட்டை உட்கார்ந்துகொண்டே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதையும், சிறுநீர் மாத்திரையை மாலையில் விழுங்கினால் இரவில் குளியலறைக்கு எழுந்து விழ நேரும் என்பதையும் சொல்லித் தருவது செவிலியரின் கடமை. வீட்டாரோ ‘லோ பிரஷர்’ என்று முடிவுகட்டி உப்புப் போட்ட மோரைக் கொடுப்பார்கள். நலமுள்ள இதயத்திற்கு அது தீங்கில்லை. நீர் தேங்கும் இதயத்திற்கு அன்றாடம் அதையே கொடுப்பது இடர்.

நெஞ்சும் வாயுவும்

சித்த மருத்துவம் பிராணன், அபானன், வியானன், உதானன், சமானன் முதலாகப் பத்து வாயுக்களைக் கூறுகிறது. தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005 முதல் தாம்பரம் சானடோரியத்தில் இயங்கிவருவதால் இப்பகுதி முதியோர் பலர் இரு மருத்துவங்களையும் நாடுவோர். அவர்கள் ‘வாயுப் பிடிப்பு’ என்று சொல்லும்போது அதை அறியாமை என்று ஒதுக்குவது முறையன்று. உடலை விளங்கிக்கொள்ளும் ஒரு நெடுமரபு அச்சொல்லில் உள்ளது. ஆனால் அதே சொல் மாரடைப்பை மறைக்கும் திரையாகவும் ஆகிறது என்பதே சிக்கல். அடுத்த தலைமுறை அதைக் ‘கேஸ்’ என்று மாற்றிச் சொல்கிறது, அவ்வளவே. ‘அவங்களுக்கு எப்பவும் கேஸ் டிரபிள்தான் சிஸ்டர்’ என்று மருமகள் சொல்ல மாமியார் மறுக்காதிருப்பது வழக்கமான காட்சி. ஓமத் தண்ணீர், சோடா, கேஸ் மாத்திரை என்று அடுத்தடுத்து முயல்வதில் பொன்னான நேரம் கழிகிறது.

முதியோருக்கும் நீரிழிவு உள்ளோருக்கும் மாரடைப்பு, பாடநூல் வருணிக்கும் கடும் நெஞ்சுவலியாக வராமலிருக்கலாம். மூச்சுத்திணறல், திடீர் வியர்வை, குமட்டல், குழப்பம், ‘என்னமோ பண்ணுது’ என்ற ஒரு தொடர் மட்டுமே வெளிப்படலாம். பெண்களிடம் இது கூடுதல். எனவே ‘நெஞ்சு வலிக்குதா?’ என்று மட்டும் கேட்கும் செவிலியருக்கு ‘வலி இல்லைம்மா’ என்ற உண்மையான விடையே கிடைக்கும், அவ்விடையால் பயனிராது. பாரமா, அழுத்தமா, கரிப்பா, பிடிப்பா என்று அவரவர் சொல்லை எடுத்துக்கொண்டு, படியேறும்போது வந்து நின்றவுடன் தணிகிறதா, தாடைக்கோ தோளுக்கோ இடக்கைக்கோ பரவுகிறதா, வியர்த்ததா என வினவ வேண்டும். புதிதாக வந்த ‘வாயு’, ஓய்விலும் தணியாத ‘வாயு’, வியர்வையோடு வந்த ‘வாயு’ ஆகிய மூன்றும் இதயம் என்றே கொள்ளப்பட்டு 108 அழைக்கப்பட வேண்டும். மருத்துவ உதவி கிடைத்த பத்து நிமிடத்திற்குள் இ.சி.ஜி. எடுக்கப்பட வேண்டும் என்பது உலகளாவிய நெறி. தமிழக அரசின் ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளின் தொடக்க அளவு வழங்கப்படுகிறது. வாயு என்று வீட்டிலேயே இருந்துவிட்டவருக்கு அம்மாத்திரைகள் எட்டுவதில்லை.

மூச்சும் இளைப்பும்

தாம்பரத்தில் மூச்சுக்கென்று ஒரு தனி வரலாறு உண்டு. மருத்துவர் சவுரிமுத்து 1928இல் நிறுவிய காசநோய்ச் சானடோரியம் இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக உள்ளது. இரயில் நிலையத்தின் பெயரே சானடோரியம். எனவே மூச்சு வாங்கினால் நுரையீரல் நோய் என்று எண்ணுவதும், அப்பெயரோடு ஒட்டிய காசநோய் அச்சத்தால் அதை வெளியில் சொல்லத் தயங்குவதும் இயல்பு. இதயம் நீரைத் தள்ள முடியாமல் நுரையீரலில் தேங்கவிடும்போதும் இதே மூச்சுத்திணறல் வரும் என்பது பலருக்குப் புதுச் செய்தி.

‘இளைப்பு’ என்னும் சொல் மூச்சிரைப்பையும் குறிக்கும், உடல் மெலிவையும் குறிக்கும். ‘இளைச்சுப் போயிட்டேன்’ என்பது மெலிவு. ‘எளப்பு வருது’ என்பது மூச்சு. வியப்பு என்னவெனில், முற்றிய இதயச் செயலிழப்பில் இவ்விரண்டும் ஒருங்கே இருக்கும். தோளும் கையும் மெலியும். காலில் நீர் கோத்துக்கொள்ளும். மெலிவை நீரின் எடை ஈடுசெய்துவிடுவதால் எடைக்கருவி மாற்றமின்றி ஒரே எண்ணைக் காட்டும். ஆகவே எடையோடு, வளையல் தளர்ந்திருக்கிறதா, செருப்பு வார் இறுகுகிறதா என்று பார்ப்பதும் பயன் தரும்.

படுத்தால் மூச்சு முட்டுவதை அறிய ‘எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்?’ என்று கேட்கும்படி பாடநூல் கற்பிக்கிறது. பாயில் படுத்துப் பழகியவருக்கும், ஒரே தலையணை உள்ள வீட்டிற்கும் அவ்வினா பொருந்தாது. ‘ராத்திரி மூச்சு முட்டி எழுந்து உட்கார்றீங்களா? சுவத்துல சாய்ஞ்சு தூங்குறீங்களா?’ என்பதே பொருத்தமானது. நடையின் அளவையும் உள்ளூர்க் கணக்கிலேயே கேட்கலாம்: இரயில் நிலைய நடைமேம்பாலத்தில் எத்தனை இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது, மின்தூக்கியில்லாத அடுக்ககத்தில் எந்த மாடிவரை நில்லாமல் ஏற முடிகிறது, சென்ற மாதம் எப்படி இருந்தது. மாற்றமே முதன்மையானது.

திருவனந்தபுரத்தில் 2013இல் மேற்கொள்ளப்பட்ட இதயச் செயலிழப்புப் பதிவேடு 1205 நோயாளிகளைக் கொண்டது. அவர்களின் சராசரி அகவை ஏறத்தாழ 61. மேலைநாட்டு நோயாளிகளைவிட இது பத்தாண்டு குறைவு. எழுபதில் இருக்கும் நம் முதியவர் இந்நோயோடு ஏற்கெனவே பல்லாண்டு வாழ்ந்தவராக இருக்கக்கூடும் என்பதை இது உணர்த்துகிறது. அவருக்கு வேண்டிய கருவி எளியது: ஓர் எடைக்கருவி. காலையில் சிறுநீர் கழித்தபின், உண்பதற்கு முன், ஒரேவகை உடையில் எடை பார்த்து நாட்காட்டியிலேயே குறித்துவர வேண்டும். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் கூடினால் அது சதையன்று, நீர். மூச்சு முட்டும் வரை காத்திராமல் மருத்துவரை அழைக்க வேண்டும்.

கால் வீக்கம் எல்லாம் இதயத்தால் அன்று. பரவலாக வழங்கப்படும் அம்லோடிபின் மாத்திரையும் கணுக்காலை வீங்கச்செய்யும்; மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோபினாக் போன்றவை உடலில் நீரைத் தேக்கும். ‘வேற மாத்திரை சாப்பிடுறீங்களா?’ என்றால் ‘இல்லை’ என்பார். ‘மூட்டுவலிக்கு என்ன போட்டுக்குறீங்க?’ என்றால் அட்டை வெளியே வரும். உப்பும் அப்படியே. ‘உப்பே சேர்த்துக்கிறதில்லை’ என்பதன் பொருள் தயிர்ச் சோற்றில் உப்புப் போடுவதில்லை என்பது மட்டுமே. ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு ஆகியன அவர் கணக்கில் உப்பல்ல. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவு என்ற உலக நலவாழ்வு அமைப்பின் வரம்பைச் சொல்வதைவிட இவற்றைப் பெயர் சொல்லிக் கேட்பது பயனுடையது.

பம்பிங்கும் ஆஞ்சியோவும்

ஆங்கிலத்திலிருந்து வந்த சொற்கள் தெளிவானவை என்று எண்ணிவிடக் கூடாது. ‘பம்பிங் 35தான் இருக்காம்’ என்னும் தொடர் இப்பகுதி வீடுகளில் பரவலாகக் கேட்பது. இடக் கீழறை தன்னிடமுள்ள இரத்தத்தில் ஒவ்வொரு துடிப்பிலும் எத்தனை விழுக்காட்டை வெளியேற்றுகிறது என்பதே அவ்வெண். நலமான இதயத்திலும் அது 100 ஆவதில்லை. ஏறத்தாழ 55 முதல் 70 வரையே. நூற்றுக்கு முப்பத்தைந்து என்று தேர்வு மதிப்பெண் போலக் கேட்கும் குடும்பம், உயிரில் மூன்றில் ஒரு பங்கே எஞ்சியது என்று அஞ்சுகிறது. ‘செயலிழப்பு’ என்னும் கலைச்சொல்லும் அவ்வச்சத்தை வளர்க்கிறது. இதயம் நின்றுவிட்டது என்றே அது ஒலிக்கிறது. கலைச்சொல்லாக அது நிலைபெற்றுவிட்டது எனினும், நோயாளியிடம் ‘இதயம் பலவீனமாக இருக்கிறது, அதற்கு மருந்து உண்டு’ என்று சொல்வதே மேல். மறுபுறம், முதியோரில் கணிசமானோருக்குப் பம்பிங் எண் சரியாக இருந்தும் இதயம் விறைத்து நீர் தேங்குகிறது. ‘பம்பிங் நல்லாருக்குன்னுட்டாங்க’ என்ற ஆறுதலைக் கேட்டுச் செவிலியர் காலை அழுத்திப் பார்க்காமல் விடுவது பிழை.

‘ஆஞ்சியோ பண்ணியாச்சு’ என்பது இன்னும் இடர் மிக்கது. அடைப்பைப் படம் பிடித்துப் பார்ப்பதும், அடைப்பை நீக்கி ஸ்டென்ட் பொருத்துவதும் பேச்சில் ஒரே ‘ஆஞ்சியோ’. ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர் ஆஸ்பிரினையும் குளோபிடோகிரெல்லையும் மருத்துவர் சொன்ன காலம் வரை, பெரும்பாலும் ஓராண்டளவு, விடாது உண்ண வேண்டும். பல் பிடுங்குவதற்காகத் தாமே நிறுத்திவிட்டால் ஸ்டென்டினுள் இரத்தம் உறைந்து மாரடைப்பு நேரலாம். ‘உள்ள ஸ்பிரிங் வெச்சாங்களா?’ என்று கேட்டால் பலரும் சரியாகச் சொல்லிவிடுவர். உறுதிசெய்ய மருத்துவமனைக் கோப்பைப் பார்க்க வேண்டும். அக்கோப்பு அலமாரியின் அடித்தட்டில் இருப்பதுதான் வழக்கம். 2015 திசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் சூழ்ந்ததை நினைவிற்கொண்டால், விடுவிப்புச் சுருக்கத்தையும் மருந்துச்சீட்டையும் கைப்பேசியில் படமெடுத்து மகனுக்கோ மகளுக்கோ அனுப்பிவைக்கச் சொல்வதும், மழைக்காலத்தில் இரு வார மாத்திரையைக் கையிருப்பில் வைக்கச் சொல்வதும் செவிலியப் பராமரிப்பின் பகுதியே ஆகும்.

நரம்பு

சங்க நூல்களில் யாழின் தந்தியைக் குறித்த நரம்பு, இன்றைய பேச்சில் உடலிலுள்ள இழை போன்ற எல்லாவற்றையும் குறிக்கிறது. பள்ளிப் பாடநூல் தமனி, சிரை, நரம்பு என்று பிரித்துக் கற்பித்தும் வீட்டுப் பேச்சில் ‘நரம்பு ஊசி’ சிரையில்தான் போடப்படுகிறது. ‘நரம்பு சுருட்டல்’ சிரை வீக்கமே. ‘கால் நரம்பு இழுக்குது’ என்ற ஒரே முறையீடு மூன்று வெவ்வேறு நோய்களின் குரலாக இருக்கலாம், அவற்றுக்குரிய பராமரிப்பு ஒன்றுக்கொன்று முரணானது.

நடந்தால் கெண்டைக்காலில் வலி எடுத்து, நின்றால் சில நிமிடத்தில் தணியுமாயின் தமனி அடைப்பு. இரவில் காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால் சுகம் என்பார். பாதம் சில்லென்றிருக்கும், மேற்பாத நாடி தட்டுப்படாது. மாலையில் கால் கனத்து, உயர்த்தி வைத்தால் சுகம் என்றால் சிரையின் கோளாறு. புண் வந்தால் பெரும்பாலும் உட்கணுக்காலுக்கு மேலே வரும். எரிச்சலும் மரப்பும், ‘செருப்பு கழண்டு விழுந்ததே தெரியலை’ என்பதும் நீரிழிவால் உண்மையான நரம்புகள் கெட்டதன் அடையாளம். சிரை நோயாளிக்கு இறுக்கக் காலுறை நன்மை செய்யும். அதே காலுறையைத் தமனி அடைபட்டவருக்கு மாட்டினால் எஞ்சிய இரத்த ஓட்டமும் தடைபட்டுக் கால் அழுகக்கூடும். கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து வரும் எண் 0.9க்குக் கீழிருந்தால் தமனி நோய் என்று கொள்வர். அவ்வளவீடு இயலாத வீட்டில், பாத நாடியைத் தொட்டுப் பார்க்காமல் காலுறை பரிந்துரைக்கக் கூடாது. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் இம்மூன்றுமல்ல. ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம். தைலம் தேய்க்கவிடாமல் உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

கொதிப்பும் குறிப்பேடும்

‘இரத்தக் கொதிப்பு’ என்னும் பெயரே அந்நோயைச் சூட்டோடும் சினத்தோடும் இணைத்துவிட்டது. ‘எனக்குக் கோபமே வராதே, கொதிப்பு எப்படி வரும்?’ என்ற கேள்வியில் தருக்கம் உண்டு. ‘பிரஷர் இருக்கு’ என்றால் மிகை. ‘பிரஷர் இல்லை’ என்றால் நலம். அளந்துவிட்டு ‘இப்ப பிரஷர் இல்லைம்மா’ என்று செவிலியரோ தன்னார்வலரோ சொல்லும் ஒரு தொடரே மாத்திரையை நிறுத்தப் போதுமானது. ‘மாத்திரை போடுறதால பிரஷர் கட்டுக்குள்ள இருக்கு, நிறுத்தினா ஏறிடும்’ என்று சொல்வதற்கு மேலும் ஐந்து நொடியே ஆகும். அளக்கும் முறையிலும் கவனம் வேண்டும். அடுக்களையிலிருந்து விரைந்து வந்தவரை வாசற்படியில் நிறுத்தி, இறுகிய இரவிக்கைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றி, பேசிக்கொண்டே எடுக்கும் எண் நம்பத்தக்கதன்று. ஐந்து நிமிட ஓய்வு, முதுகுக்குச் சாய்வு, தரையில் பதிந்த பாதம், இதய மட்டத்தில் கை, பேச்சின்மை ஆகியவை வேண்டும்.

முதியவரின் சொல்லைச் செவிலியர் புரிந்துகொண்டாலும் அது மருத்துவரைச் சென்றடைய வேண்டுமே என்ற வினா எஞ்சுகிறது. தனியார் மருத்துவமனைகளில் தமிழைப் பணியிடத்தில் கற்றுக்கொண்ட பிறமாநிலச் செவிலியரும் பலர். அவர்களுக்கு ‘இளைப்பு’, ‘கரிப்பு’ ஆகியவற்றின் வேறுபாட்டை எவரும் கற்பிப்பதில்லை. செவிலியக் கல்லூரிகளின் சமூக நலப் பயிற்சியில் இத்தகைய ஐம்பது சொற்களைக் கற்பிக்க அரைநாள் போதும். குறிப்பேட்டைப் பொறுத்தவரை இக்கட்டுரை முன்வைப்பது எளிய மாற்றம்: ஆங்கிலச் சொல்லுக்கு முன், முதியவர் சொன்ன தொடர் அவ்வாறே தமிழில் எழுதப்பட வேண்டும். எடுத்துக்காட்டாக, ‘கிட்டினஸ், பி.பி. 148/82’ என்ற பதிவிலிருந்து மருத்துவர் மாத்திரையைக் கூட்டவே முற்படுவார். ‘“எழுந்தா கண்ணு இருட்டுது, ராத்திரி பாத்ரூம் போறப்ப” – படுத்து 148/82, நின்று 1 நிமிடம் 122/74, 3 நிமிடம் 118/70, நாடி 76, சீரானது, சிறுநீர் மாத்திரை மாலை 6 மணிக்கு’ என்ற பதிவைப் படிப்பவர் முதலில் அம்மாத்திரையைக் காலைக்கு மாற்றுவார்.